முதுகால் நடப்பவை

சீக்ரூன் மண்வெட்டியைக் கையில் எடுத்து இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. அதற்கு முன் முப்பத்து நான்கு வருடம் லைப்சிக் நகரத்தில் டிராம் ஓட்டினாள். தண்டவாளம் போகிற இடத்துக்குப் போய், நிறுத்தம் வந்தால் நின்று, மணியடித்துப் புறப்படுகிற வேலை. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? மண் அப்படியில்லை. தோண்டினால் எது வருமென்று அதுவும் சொல்லாது, நமக்கும் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது புழு. பழைய எருக்குவியலின் அடியைக் கிளறியதும் கட்டைவிரல் பருமனில், வெள்ளை வெளேரென்று, அரைவட்டமாகச் சுருண்டு ஒன்று விழுந்தது. பின்னாலேயே நாலு. அப்புறம் ஒரு கூட்டம். கூடவே ஜாதிக்காய் அளவில் மண்ணுருண்டைகள். கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே ஏதோ லேசாக இடித்தது. செத்ததா, உயிரோடு இருக்கிறதா, முட்டையா, சாணியா என்று அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கையுறையோடு ஒரு புழுவைத் தூக்கிப் பார்த்தாள். அது இவளைச் சட்டை செய்யாமல் இன்னும் கொஞ்சம் சுருண்டுகொண்டது.

"இங்கோல்ஃப்! இங்க கொஞ்சம் வாயேன்!"

நகரத்து ஆட்களுக்குத் துண்டு துண்டாக நிலம் கொடுக்கும் தோட்டச் சங்கம் அது; இங்கோல்ஃப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். பேக்கரி வைத்திருந்து ஓய்வு பெற்றவர். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அவருடைய புல்தரையில் ஒரு மாதமாகத் திட்டுத் திட்டாகப் பழுப்பு விழுந்திருந்தது. புல்லைப் பிடித்து இழுத்தால் வேரில்லாமல் விரிப்பு மாதிரி கையோடு வந்தது. அந்த வயிற்றெரிச்சலோடு எட்டிப் பார்த்தவர், புழுவைக் கண்டதும் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துச் சங்கத்தின் கடிகாரம் ஒரு மணி அடித்தது. ஒன்றிலிருந்து மூன்று வரை அந்தத் தோட்டச் சங்கத்தில் சத்தம் கூடாது. புல்வெட்டி, சுத்தியல், ரேடியோ, வாய்த்தகராறு எதுவும் கூடாது. ஆகவே இங்கோல்ஃப் தன் ஆத்திரம் முழுவதையும் கிசுகிசுப்பில்தான் கொட்ட வேண்டியிருந்தது.

"அடிப்பாவி, இங்கதான் உற்பத்தி பண்றியா? என் புல்லு மொத்தமும் இதுங்க வயித்துலதான் இருக்கு!"

"எனக்கென்னப்பா தெரியும்? இது இன்னதுன்னாவது சொல்லேன்," என்று அவளும் கிசுகிசுத்தாள்.

"வேர்ப்புழு! வேற என்ன?"

வழியோடு போன அன்னகிரெட் நின்று பார்த்துவிட்டு, உருளைக்கிழங்கு வண்டின் குட்டி என்றாள். உருளைக்கிழங்கு வண்டுக்கும் இதற்கும் நிறத்திலேயே ஒட்டில்லை. ஆனாலும் அவள் சொன்ன தோரணையைப் பார்த்தால் பிரசவம் பார்த்தவளே அவள்தான் என்று நினைக்கத் தோன்றும். கைவண்டி தள்ளிக்கொண்டு வந்த இன்னொருவர், இது மரம் அரிக்கிற சாதி, கொட்டகையை உடனே பார் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆளுக்கொரு பேர் வைத்தார்கள், ஒருவர்கூடத் தெரியாது என்று சொல்லவில்லை.

கடைசியில் சங்கத் தலைவர் லோதர் வந்தார். நரைத்த மீசை, அட்டையில் செருகிய காகிதக்கட்டு, காதில் பேனா. இருபத்திரண்டு வருடமாக அவர்தான் தலைவர். வேலியின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்து, இரண்டு விரல்கடை அதிகம் என்பார். அளவுநாடா வைத்தால் சரியாக இரண்டு விரல்கடை இருக்கும். அப்பேர்ப்பட்ட ஆள் புழுவை ஒரே ஒரு பார்வை பார்த்தார்.

"மே வண்டோட புழு. இதைத்தானே வருஷா வருஷம் வாளி வாளியா அள்றோம். குவியலை முழுசாக் கலைச்சு, ஒண்ணு விடாமப் பொறுக்கி, சனிக்கிழமை வாளியோட வந்துடும்மா."

"சனிக்கிழமை என் கையெழுத்து நாளாச்சே, தலைவரே."

"அதான் சொல்றேன். குவியல் இருந்தா எப்படிக் கையெழுத்துப் போடுறது? பூச்சி வளர்க்கிற தோட்டத்துக்குச் சங்கத்துல இடம் கிடையாதுன்னு விதியில இருக்கு."

ஏழு வருடம் காத்திருந்து கிடைத்த தோட்டம் இது. முதல் வருடம் சோதனை வருடம். முடிகிற நாளில் தலைவர் வந்து சுற்றிப் பார்த்து, 'உறுதி' என்று கையெழுத்துப் போட்டால்தான் தோட்டம் அவளுக்கு. இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு மறுபடி நாலாவது மாடி. பால்கனிகூட இல்லாத வீடு, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். புருஷன் பிரிந்து போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஒரு வெளிவாசல் கதவை அவளே பூட்டி அவளே திறக்கிற இடம் இது ஒன்றுதான். காலையில் ஐந்து பட்டாணிக்கொடியைப் பார்க்கப் பதினாறு நிறுத்தம் தாண்டி டிராமில் வருவாள், இப்போது பயணியாக. இதைப் போய் ஒரு புழுவுக்காக விடுவதா?

சங்கத்துக்கு அந்தச் சனிக்கிழமை வேறு விதத்திலும் முக்கியமானது. மே மாதக் கடைசிச் சனியை அங்கே 'புழுச் சனி' என்பார்கள். ஆளாளுக்குத் தோட்டத்தில் பொறுக்கிய புழுவை வாளியில் கொண்டு வருவார்கள். யார் வாளி அதிகம் நிறைந்திருக்கிறதோ அவர் பெயரைச் சங்கக் கட்டடத்துச் சுவரில் மாட்டிய ஓக் பலகையில் சூடு போட்டுப் பொறிப்பார்கள். பொறித்த பிறகு உருளைக்கிழங்கு சாலட், சாசேஜ், பீர். புழுவெல்லாம் சாலைக்கு அந்தப் பக்கத்துக் கோழிகளுக்குப் போகும். பலகையில் இருபத்திரண்டு பெயர் இருந்தது. இருபத்திரண்டும் லோதர்தான்.

புதன்கிழமை சீக்ரூன் தலைவர் சொன்னபடி பொறுக்கினாள். காப்பிக்கு வைக்கிற கெண்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சனிக்கிழமைக்குள் ஊர்ந்து போய்விடாதபடி ஒரு வாளிப் புழுவின் மேல் ஊற்றினாள். ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு சத்தமும் இல்லை, ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. மத்தியானம் கொண்டுவந்த ரொட்டியைச் சாப்பிட முடியாமல் அப்படியே மூடி வைத்தாள். 'ஒரு புழுவுக்குப் போய் இந்தப் பாடா, உனக்கென்ன பைத்தியமா?' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்புறம்தான் மண்ணுருண்டைகளுக்கு வந்தாள். ஒன்றை உடைத்தாள். உள்ளே கூட்டுப்புழு. வெளிர் மஞ்சளில், கால்களை மார்போடு மடித்துக்கொண்டு, கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் மாதிரி ஒன்றோடு, யாரோ பாதி செய்துவிட்டு எழுந்து போன பொம்மையைப் போல் கிடந்தது. லேசாகத் தொட்டதும் இடுப்பை மட்டும் ஒரு சுழற்று சுழற்றியது. சீக்ரூன் வீல் என்று கத்தப் போனாள். நல்லவேளை, மணி ஒன்றரை என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாவது உருண்டையை உடைத்தபோதுதான் விஷயமே தலைகீழானது. உள்ளே முழு வண்டு. பச்சை. சும்மா பச்சை இல்லை, ஈரப் பாட்டில் கண்ணாடியில் வெயில் பட்ட மாதிரி பொன் கலந்த பச்சை.

மே வண்டு பழுப்பு நிறம். அது அந்த ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். வசந்தகாலத்தில் சாக்லேட்டில் செய்து கடைகடையாக அதைத்தான் அடுக்கி வைக்கிறார்கள். அப்படியென்றால் இது என்ன? தலைவர் தவறாகச் சொல்வாரா? வேலியைக் கண்ணால் அளக்கிறவராயிற்றே! ஒருவேளை மே வண்டு பச்சையாகப் பிறந்து போகப் போகப் பழுக்குமோ? தக்காளி பழுக்கவில்லையா? உருண்டைக்குள் இருப்பது ஒன்றும் வெளியே சுருண்டிருப்பது வேறொன்றுமாக இருக்குமோ? யோசிக்க யோசிக்க அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. பச்சை வண்டை ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த குவியல் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை நகராட்சியின் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஒரு பெண்மணி எடுத்தாள். சீக்ரூன் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே கேள்வி வந்தது.

"அது முதுகால நடக்குதா?"

"என்னது?"

"முதுகுங்க. மல்லாந்து படுத்துக்கிட்டு நடக்குதான்னு கேட்டேன்."

"ஏம்மா, நான் ஐம்பத்தொன்பது வயசுக்காரி. விளையாட ஆள் கிடைக்கலையா உங்களுக்கு?"

"விளையாட்டில்லைங்க! வழவழன்னு ஏதாவது ஒரு தட்டுல விட்டுப் பாருங்க. குப்புற நடக்காம, ஒருக்களிச்சு வளைஞ்சு வளைஞ்சு நகர்ந்தா மே வண்டு. வேரைத் தின்னும். மல்லாந்து முதுகால ஊர்ந்து போனா ரோஜா வண்டு. அது மக்கினதைத்தான் தின்னும், உயிருள்ள வேரைத் தொடாது. உங்க எருவை அரைச்சுக் குடுக்கிறதே அதுதான். சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. பிடிக்கக் கூடாது, கொல்லக் கூடாது, இருக்கிற இடத்தைக் கலைக்கக் கூடாது. அபராதம் உண்டு."

சீக்ரூன் போனை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "ஏற்கனவே ஒரு வாளி... தெரியாம..."

"அதை நான் கேக்கலை," என்றாள் அந்தப் பெண்மணி சட்டென்று. "லைன் சரியில்லை. சாக்கைப் போட்டு மூடி வைங்க, நல்லாருங்க." போன் வைக்கப்பட்டது.

அன்று மதியமே கேக் சுடுகிற பெரிய தகரத் தட்டோடு தோட்டத்துக்கு வந்தாள். குவியலிலிருந்து ஒரு புழுவை எடுத்துத் தட்டின் நடுவில் விட்டாள். அது சுருண்டு கிடந்தது. பிறகு மெல்ல விரிந்தது, புரண்டது, ஆறு கால்களையும் ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு மல்லாக்கப் படுத்தது. செத்தேபோய்விட்டது என்று அவள் நினைத்த நேரத்தில், அந்தக் கால்களை ஒன்றுக்கும் பயன்படுத்தாமல், முதுகாலேயே தட்டின் விளிம்பை நோக்கி விறுவிறுவென்று போனது. என்ன வேகம்! இரண்டாவதும் அப்படித்தான். ஐந்தாவதும் அப்படித்தான். சீக்ரூனுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே புதன்கிழமை வாளி ஞாபகம் வந்து அழுகையும் வந்தது.

பிறகு வேலி இடுக்கில் கையை விட்டு, இங்கோல்ஃப் புல்தரையின் ஓரத்தைத் தூக்கி, அங்கிருந்து ஒரு புழுவை எடுத்தாள். பார்வைக்கு அண்ணன் தம்பிதான். தலை மட்டும் கொஞ்சம் பெரிது, கால் கொஞ்சம் நீளம். தட்டில் விட்டாள். அது ஒருக்களித்துப் படுத்து, வளைந்து நெளிந்து, இருந்த இடத்திலேயே சுற்றியது.

"என் புல்லுல என்ன களவாடுற?" என்று வேலிக்கு மேல் இங்கோல்ஃப் தலை எழும்பியது.

அவள் காட்டினாள். ஒரு பக்கம் இவளுடையது, ஒரு பக்கம் அவருடையது. இங்கோல்ஃப் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ என் புல்லைத் தின்னது என் புழுவேதானா?"

"ஆமா. என்னோடது அப்பாவி. சட்டமே அது பக்கம். நாளன்னிக்குத் தலைவர்கிட்டச் சொல்லப் போறேன்."

இங்கோல்ஃப் முகம் மாறியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வேலியோடு ஒட்டி வந்தார்.

"கொஞ்சம் இரு. லோதர் எங்கேருந்து புழு அள்றார்னு தெரியுமா உனக்கு?"

"எங்கேருந்து?"

"அவர் புல்தரை கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு திட்டு கிடையாது. அவ்வளவும் எருக்குவியல்லேருந்துதான். நம்ம பாஷையில எல்லாத்துக்கும் ஒரே பேரு, வெள்ளையாச் சுருண்டு இருந்தா வேர்ப்புழு. எவன் திருப்பிப் போட்டுப் பார்த்தான்?" அவர் தட்டைக் காட்டினார். "இதைக் கொண்டுபோய் அவர் முன்னால வச்சேன்னு வை, இருபத்திரண்டு வருஷப் பலகை என்னாகும்? கையெழுத்துப் போட வேண்டியதும் அவர்தான். பேசாம குவியலைக் கலைச்சுட்டுத் தோட்டத்தை வாங்கு. புழு அடுத்த வருஷமும் வரும், தோட்டம் வருமா?"

அதுதான் சீக்ரூனை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. குவியலைக் கலைத்தால் சட்டம் பிடிக்கும். கலைக்காவிட்டால் சங்க விதி பிடிக்கும். ஒன்று அரசாங்கம், ஒன்று லோதர். முப்பத்து நான்கு வருடத்தில் சிவப்பும் பச்சையும் ஒன்றாக எரிகிற விளக்கை அவள் பார்த்ததில்லை. சட்டத்தைச் சொல்லித் தப்பிக்கலாமென்றால் முதலில் மாட்டுவதும் அவள்தான். கொதிக்கிற கெண்டி அவள் கையில்தானே இருந்தது? வெள்ளிக்கிழமை ஒருமுறை வாளியை எடுத்துக்கொண்டு குவியலருகே போய், சாக்கின் ஒரு ஓரத்தைத் தூக்கினாள். உள்ளே ஏதோ நறநறவென்று மென்றுகொண்டிருந்தது. ஓரத்தை அப்படியே கீழே விட்டுவிட்டு வாளியோடு திரும்பினாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு லோதர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. ஒரு கையில் அட்டை, மறு கையில் துணி மூடிய வாளி. வாளியின் கனத்தில் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பின்னால் அன்னகிரெட்டும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள். இங்கோல்ஃப் வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாதவர்போல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வேலி சரி. மூணுல ஒரு பங்கு காய்கறி இருக்கணும், இருக்கு. பட்டாணி நல்லாவே வந்திருக்கேம்மா," என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தவர் சாக்கைப் பார்த்ததும் நின்றார். "இது என்ன?"

"குவியல், தலைவரே."

"நான் கலைக்கச் சொன்னேனே."

சீக்ரூன் பேசத் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "ஒரே ஒரு புழு குடுங்க. உங்க வாளியிலேருந்து."

"எதுக்கு?"

"எனக்கு ஒண்ணும் புரியலை, அதுக்குத்தான். நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

புரியவில்லை என்று ஒருவர் வந்து நின்றால் லோதரால் கோபப்பட முடியாது. அவர் துணியை விலக்கி, நல்ல கொழுத்த புழுவாகப் பார்த்துப் பெருமையோடு தட்டில் வைத்தார். அது விரிந்தது. புரண்டது. முதுகால் நடந்தது.

"சீக்கு வந்த புழு," என்றார் லோதர். இன்னொன்றை வைத்தார். அதுவும் நடந்தது. மூன்றாவதை அவரே விரலால் குப்புறத் திருப்பிப் போட்டார். அது பொறுமையாகத் திரும்பி மல்லாந்துகொண்டு புறப்பட்டது. யாரும் சிரிக்கவில்லை.

சீக்ரூன் சொன்னாள். ரோஜா வண்டு, எருவை மட்டும் தின்பது, சட்டம், எல்லாம். கடைசியில், "புதன்கிழமை நானே ஒரு வாளி வெந்நீர் ஊத்திக் கொன்னுட்டேன். அதையும் எழுதிக்கோங்க," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. தோட்டம் போனது என்று நினைத்தாள்.

லோதர் அவளைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுலேருந்து எது வரும்?" என்று கேட்டார்.

அவள் தீப்பெட்டிக்குள் வைத்திருந்த பச்சை வண்டை எடுத்துக் காட்டினாள்.

அவருடைய மீசை ஒருமுறை ஆடியது. "இது என் ரோஜாவுக்கு வரும்," என்றார் மெதுவாக. "முன்னெல்லாம் ஒரு பூவுக்கு நாலு உட்கார்ந்திருக்கும். என் பொண்டாட்டி மகரந்தத்துல உருளுதுங்க பாருன்னு கூப்பிடுவா. அப்புறம் வர்றதே நின்னு போச்சு. பக்கத்து ரயில் தண்டவாளத்துல மருந்து தெளிக்கிறாங்க, அதான் வண்டு சாகுதுன்னு ரயில் ஆபீசுக்குப் பதினாலு கடுதாசி எழுதினேன். தெளிக்கலை ஐயான்னு பதினாலு தடவையும் பதில் போட்டான். அவன் பொய் சொல்றான்னே நினைச்சேன்."

லோதர் அட்டையை எடுத்தார். எருக்குவியல் என்ற இடத்தில் பேனாவை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சங்கத்தில் யாரும் பார்க்காத காரியம் அப்போது நடந்தது. லோதர் இன்னொருவரைக் கேட்டார்.

"நான் இங்க என்ன எழுதணும், சீக்ரூன்?"

"தெரியலையே, தலைவரே. கண்ணால பார்த்ததை எழுதுங்க."

அவர் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு, சட்டைப் பையிலிருந்த சங்க முத்திரையைக் குத்தினார். தாளைக் கிழித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, மேசைமேல் இருந்த மூன்று புழுவையும் பதமாக எடுத்து வாளியில் போட்டு, துணியை மூடினார். சங்கக் கட்டடத்தில் பலகையும் பீரும் காத்திருந்த பக்கம் அவர் திரும்பவில்லை. தன் தோட்டத்து எருக்குவியலுக்குப் போகிற பாதையில், வாளி குலுங்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினார்.

சீக்ரூன் தாளைப் பார்த்தாள். 'உறுதி' என்ற இடத்திலும் குறி இல்லை, 'நீக்கம்' என்ற இடத்திலும் குறி இல்லை. குறுக்கே அவர் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'முதுகால் நடக்கிறது. இங்கேயே இருக்கலாம்.'

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேலியோரம் போய்த் தாளை நீட்டினாள். "இங்கோல்ஃப், இது புழுவுக்கா, எனக்கா?"

இங்கோல்ஃப் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"கையெழுத்து இருக்குல்ல? முத்திரை இருக்குல்ல? பேசாம உள்ள வச்சுப் பூட்டு. யாருக்குன்னு கேட்டு நீயே கெடுத்துக்காத."